முப்பது லிட்டர்

ஜூன் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்க நானும் உங்க அக்காவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். நீங்க வேளைக்குச் சாப்பிடறீங்களான்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்குச் சோறு இறங்கும்.

பதினேழு தடவை போன் போட்டுட்டேன். எடுக்க மாட்டேங்கறீங்க. அதான் பள்ளிக்கூடத்தோட விட்ட பேனாவை இப்ப எடுத்திருக்கேன். தப்பு இருந்தா திருத்திப் படிச்சுக்கங்க.

என் தங்கச்சி, நம்ம சின்னவ, நம்மள விட்டுப் போய் ஆறு வாரம் ஆகுது. அவ துணி ரெண்டு செட் இங்க கிடக்கு. அனுப்பவா, இங்கயே இருக்கட்டுமான்னு கேக்கச் சொன்னா உங்க அக்கா.

இன்னொரு யோசனை கேக்கணும். நம்ம வேனை வித்துடலாமான்னு இருக்கு. தெருவே அதைக் குடிகாரன்னுதான் கூப்பிடுது, உங்களுக்குத் தெரியும். திரும்ப எண்ணெய்க் கப்பல் வந்துடுச்சு, பங்க்ல வரிசை குறைஞ்சிருக்கு, ஆனா இன்னொரு தடவை நிக்காதுன்னு யார் எழுதிக் கொடுப்பா? பேட்டரி வண்டி விக்கறவன் ஒருத்தன் தினம் வந்து வாசல்ல நிக்கறான். "அண்ணே, இது குடிக்கவே குடிக்காது"ங்கறான். அப்படிப்பட்ட ஆம்பளை உண்டான்னு கேட்டா உங்க அக்கா. படிச்சவர் நீங்க, ஒரு வழி சொல்லுங்க.

பதில் போடுங்க.

இப்படிக்கு,
மச்சான்


ஜூன் 15

மச்சானுக்கு,

நான் இருக்கேன். நீங்க ரெண்டு பேரும் சுகம்னு எழுதினதைப் படிச்சேன்.

போன் வேணாம். எண்ணெய்க் கிடங்குக்குள்ள போனைக் கொண்டுபோகவும் விடமாட்டாங்க. வெளிய வந்தாலும் அதை எடுக்கப் பிடிக்கலை. எழுத்துல இருந்தா நல்லது. அப்புறம் யாரும் நான் அப்படிச் சொல்லலைன்னு மாத்த முடியாது.

துணி அங்கயே இருக்கட்டும்.

பேட்டரி வண்டி வாங்கறதுல தப்பில்லை. ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுவீங்க, எவ்வளவு எடை ஏத்துவீங்கன்னு எழுதினா கணக்குப் போட்டுச் சொல்றேன். இங்கயும் காலம் மாறுது. மின் நிலையம் எண்ணெயை விட்டுடப் போகுதாம். நான் பார்க்கற நாலாம் நம்பர் டேங்கை அடுத்த வருஷம் வெட்டி எடைக்குப் போடப் போறாங்க. அது வரைக்கும் காலைல ஏழு மணிக்கு மேல ஏறி அளக்கணும். கருப்பெண்ணெய் டேங்க்ல அடி வரைக்கும் நாடா விட மாட்டோம், அடியில சேறு. மேல இருந்து எண்ணெய் தொடற இடம் வரைக்கும் எவ்வளவு காலின்னு மட்டும் எழுதுவோம். ஆறு வருஷமா அதான் வேலை. கை பாட்டுக்குச் செய்யுது.

நானும் மூணு விஷயம் கேக்கணும். ஆஸ்பத்திரி வராந்தாவுல நீங்க சொன்னீங்க, "டீசல் நோட்டுல 27-ன்னு இருந்துச்சு, பார்த்துட்டுத்தான், மாப்பிள்ளை, வண்டியை எடுத்தேன்"னு.

ஒண்ணு, வேனோட டேங்க் எத்தனை சென்டிமீட்டர் ஆழம், எத்தனை லிட்டர் பிடிக்கும்?

ரெண்டு, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும்?

மூணு, அந்த 27-ஐ எழுதினது யார்?

அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க.

இப்படிக்கு,
மாப்பிள்ளை


ஜூன் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. நீங்க எழுதினதே எங்களுக்குப் பாதி உடம்பு தேறின மாதிரி. இங்க என் இடுப்புவலி மட்டும் விட்டபாடில்லை, மத்தபடி சுகம்.

டேங்க் முப்பத்தாறு சென்டிமீட்டர் ஆழம். முழுசா அறுபது லிட்டர். டீசல் முள்ளு செத்துப் போய் ரெண்டு வருஷமாச்சு, அதான் குச்சி விட்டு அளந்து நோட்டுல எழுதற வழக்கம். மைலேஜ் ஒன்பது. சுமை இருந்தா எட்டுதான்.

ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர் ஓடுவேன். காய்கறி மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், சில நாள் பள்ளிக்கூட பெஞ்ச். கணக்குப் போட்டுச் சொல்லுங்க.

அன்னைக்கு வேன் நின்ன பிறகு கடைசி இருபது கிலோமீட்டர் எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது ஒரு பேட்டரி வண்டிதான். மெத்தை ஏத்திட்டு வந்தவன், நாலு மெத்தையை ரோட்டோரமா இறக்கிப் போட்டுட்டு இடம் கொடுத்தான். ஒரு சத்தமில்லை மாப்பிள்ளை அந்த வண்டியில. அவ மூச்சு மட்டும் கேட்டுச்சு. அதனால எனக்கு அந்த வண்டி மேல ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு.

உடம்பைப் பார்த்துக்கங்க.

இப்படிக்கு,
மச்சான்


ஜூலை 6

மச்சானுக்கு,

நான் இருக்கேன். உங்க இடுப்புக்கு ஒத்தடம் கொடுங்க.

நீங்க கொடுத்த கணக்குப்படி ஒரு சென்டிமீட்டருக்கு ஒண்ணே முக்கா லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 27 இருந்தா நாப்பத்தஞ்சு லிட்டர். அடியில மூணு சென்டிமீட்டரைக் குழாய் உறிஞ்சாது, அதுல அஞ்சு லிட்டர் போகட்டும். மீதி நாப்பது. ஒன்பதால பெருக்கினா முன்னூத்தி அறுபது கிலோமீட்டர். பெரிய ஆஸ்பத்திரி நூத்திப் பத்து கிலோமீட்டர்ல இருக்கு. போய்ட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை போகலாம்.

வண்டி நின்னது தொண்ணூறாவது கிலோமீட்டர்ல. அப்ப எரிஞ்சது பத்து லிட்டர்.

முப்பது லிட்டர் எங்க மச்சான்?

ஒழுகலைன்னு நீங்களே ஆஸ்பத்திரியில சொன்னீங்க, வண்டிக்கு அடியில படுத்துப் பார்த்தேன்னு. அந்த வாரம் டீசலுக்கு ஆள் அலைஞ்ச அலைச்சல் எனக்கும் தெரியும். கிடங்கு கேட்டுக்கு வெளிய ஜனம் நின்னு "உள்ள பதுக்கி வெச்சிருக்கீங்கடா"ன்னு கத்திச்சு. பதினாலு நாள் எங்களை உள்ளயே வெச்சுப் பூட்டினாங்க. அதனாலதான் அவளை உங்க வீட்டுக்கு அனுப்பினேன். தனியா இருக்க வேணாம், அண்ணன் வீடு பத்திரம்னு.

எங்க வீட்டு ஜெனரேட்டர் டிரம்மை அவதான் அளப்பா. ஒரு நாள் கூடத் தப்பு வந்ததில்லை. உங்க வீட்டுல ஒரு குச்சியைச் சரியா விட ஆளில்லாமப் போச்சா?

என் மூணாவது கேள்விக்கு நீங்க பதில் எழுதலை.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பதில் போட நாளாயிடுச்சு, கோவிச்சுக்காதீங்க. உங்க அக்காவுக்குக் காய்ச்சல் வந்து இப்பதான் எழுந்து நடமாடறா. நீங்க எப்படி இருக்கீங்க?

இடுப்பு பிடிச்சதால, அவளைக் கொண்டுபோறதுக்கு முந்தின அஞ்சு நாளும் நான் வண்டி எடுக்கலை. மாத்து டிரைவர் ஒருத்தன் பக்கத்து ஊருக்கு மட்டும் பால் கேன் ஏத்தி ஓட்டினான். நோட்டை நான் பார்க்கவும் இல்லை. அன்னைக்குக் காலைல அவ வயித்தைப் பிடிச்சுட்டுச் சுருண்டப்ப ஆம்புலன்ஸுக்குப் போட்டோம், அவங்களும் டீசலுக்கு வரிசையில நிக்கறதாச் சொன்னாங்க. இடுப்பைப் பிடிச்சுட்டே போய் நோட்டைப் பார்த்தேன். 27. மாத்து டிரைவர் பங்கீட்டுக் கூப்பன்ல டீசல் போட்டிருப்பான் போலன்னு சந்தோஷமா எடுத்துட்டேன். குச்சி விட்டுப் பார்க்கணும்னு தோணலை. அது என் தப்பு. அதை எந்த சபையில வேணா சொல்வேன்.

அந்த மாத்து டிரைவர் எடுத்திருப்பானோன்னு உங்களுக்குத் தோணலாம். அவன் எடுக்கலை மாப்பிள்ளை. அவனை விட்டுடுங்க. நல்லவன்.

நோட்டு இப்ப இல்லை. ஷெட்டுல எலி கடிச்சுக் குதறிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.

இதை இத்தோட விடுங்களேன். முப்பது லிட்டரைக் கண்டுபிடிச்சா அவ வந்துடுவாளா?

இப்படிக்கு,
மச்சான்


ஆகஸ்ட் 9

மச்சானுக்கு,

நான் இருக்கேன். அக்காவுக்குக் காய்ச்சல் விட்டது நல்லது.

உங்க கடிதத்தை ஏழு தடவை படிச்சேன். மாத்து டிரைவர் எடுக்கலைன்னு எப்படி அவ்வளவு நிச்சயமாத் தெரியும்? பக்கத்துல இருந்து பார்த்தவர் மாதிரி எழுதறீங்க. இன்னொருத்தன் எடுக்கலைன்னு ஒருத்தருக்கு நிச்சயமாத் தெரியணும்னா, யார் எடுத்தாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கணும்.

எலி நோட்டைத்தான் தேடி வந்து கடிச்சுதா? சாக்கு, கயிறு, ரெக்ஸின் எல்லாம் விட்டுட்டு?

எரிபொருள் பங்கீட்டு அலுவலகத்துக்கு ஒரு புகார் எழுதி வெச்சிருக்கேன். தட்டுப்பாட்டுக் காலத்துல டீசலை வெளிய வித்த வண்டிக்குப் பர்மிட் ரத்துன்னு சட்டம். உங்களுக்குத் தெரியும். உங்க பிழைப்பு அந்தப் பர்மிட்லதான்னு எனக்கும் தெரியும். அதனாலதான் இன்னும் தபால்ல போடலை.

உண்மையை எழுதுங்க. அவ என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போய்ட்டா. நீங்களாவது சொல்லுங்க.

மாப்பிள்ளை


ஆகஸ்ட் 17

மாப்பிள்ளைக்கு,

சுகமா இருங்க.

முப்பது லிட்டரையும் நான்தான் எடுத்தேன். வித்துட்டேன். நோட்டுல 27-ன்னு எழுதினதும் நான்தான், யாரும் கேக்கக் கூடாதுன்னு.

புகாரை அனுப்புங்க. கேட்டா இதையே சொல்றேன்.

மச்சான்


ஆகஸ்ட் 24

இன்னைக்குப் புகாரைப் பதிவுத் தபால்ல அனுப்பிட்டேன். உங்க கடிதத்தையும் சேர்த்து வெச்சிருக்கேன்.

இனிமே எழுத வேணாம். அவ துணியை மட்டும் பார்சல்ல அனுப்பிடுங்க.


செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். நல்லா இருக்கியா? நீ மெலிஞ்சு போய்ட்டேன்னு உன் கிடங்கு வழியா லாரி ஓட்டறவர் சொன்னார். நான் பேசறவளே தவிர எழுதறவ இல்லை, அதனால கோணல்மாணலா இருந்தாலும் கடைசி வரைக்கும் படிச்சுடு.

போன செவ்வாய்க்கிழமை வந்து வண்டியை எடுத்துட்டுப் போய்ட்டாங்க. அலுவலகத்து மைதானத்துல நிக்குதாம். விசாரணை முப்பதாம் தேதி. உன் மச்சான் கேட்ட இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டார். எனக்கு வந்த கோவத்துக்கு உன்னைத் திட்டணும்னுதான் பேப்பரை எடுத்தேன். அப்புறம் இன்னொண்ணு நடந்துச்சு, அதைச் சொல்றேன்.

வண்டியை இழுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி, "அஞ்சு நிமிஷம் சார்"னு சொல்லி டிரைவர் சீட்டைக் கழட்டி வீட்டுக்குள்ள கொண்டாந்து வெச்சார். வண்டியே போகுது, சீட்டை எதுக்குய்யா காப்பாத்தறேன்னு கேட்டா, "இடுப்புக்கு ஏத்த சீட்டு"ங்கறார். இருபது வருஷம் குடும்பம் நடத்தறேன், எந்தப் பொய்க்கு எந்த மூஞ்சின்னு எனக்குத் தெரியாதா? அவர் வெளிய போனதும் அமுக்கிப் பார்த்தேன். ரெக்ஸினைக் கிழிச்சுத் தெச்சிருந்தது. தையலைப் பிரிச்சா உள்ள டீசல் நோட்டு. எலி கடிச்ச நோட்டு! ஒரு மூலை கூடக் கடிபடலை.

கடைசி அஞ்சு வரி சின்னவ எழுதினது தம்பி. இவர் இடுப்பைப் பிடிச்சுப் படுத்திருந்ததால "நான் அளக்கறேண்ணே, எனக்குத் தெரியும்"னு அவதான் தினம் சாயந்திரம் குச்சியோட போவா. 27-ஐப் பாரு, ஏழுக்கு நடுவுல கோடு இழுத்திருக்கா. பக்கத்துல சாயந்திரம் ஆறு மணின்னு போட்டிருக்கா. அந்த ஆறு மணியில இருந்து காலைல கிளம்பற வரைக்கும் இவரைக் கட்டில்ல இருந்து திருப்பிப் படுக்க வெச்சதே நான். இந்த ஆள் எப்ப எழுந்து போய் முப்பது லிட்டரை உறிஞ்சி வித்தார்?

அவர் எடுக்கலை. எதுக்காகப் பொய் சொல்றார்னு எனக்குப் புரியலை. நோட்டை இத்தோட அனுப்பறேன், அவருக்குத் தெரியாது. நீ படிச்சவன். இதை வெச்சு அவரைக் காப்பாத்து.

சாப்பிடாம இருக்காதே.

உன் அக்கா


செப்டம்பர் 21

மச்சானுக்கு,

அக்கா நோட்டை அனுப்பினாங்க. அவங்களைக் கோவிச்சுக்காதீங்க.

பார்த்தேன். உங்க எழுத்துல 24, 21, 19. அதுக்கு அப்புறம் அவ எழுத்துல 18, 20, 22, 25, 27.

தினம் ஓடின வண்டி. அந்த வாரம் உங்க ஊர் பங்க்ல ஒரு சொட்டு டீசல் இறங்கலை. எனக்குத் தெரியும், அனுப்பாதது நாங்கதான். எங்க கிடங்குல டீசல் இருந்துச்சு, மின் நிலையத்துக்குன்னு பூட்டி வெச்சிருந்தோம். போடாத டீசல் எப்படி ஏறும்? ஏறலை. ஏறினது காலி.

அவ நான் கத்துக்கொடுத்த மாதிரி அளந்திருக்கா. மேல இருந்து எவ்வளவு காலின்னு. வீட்டு டிரம்மையும் அப்படித்தான் அளக்கச் சொன்னேன், என் கைக்கு அதுதான் பழக்கம்ங்கறதால. முப்பத்தாறுல 27 காலி. மிச்சம் ஒன்பது. பதினஞ்சு லிட்டர். அதுல உறிஞ்ச முடிஞ்சது பத்து. தொண்ணூறு கிலோமீட்டர். கணக்கு ஒரு சொட்டு பிசகலை மச்சான். முப்பது லிட்டர்னு ஒண்ணு இருந்ததே இல்லை.

முதல் தடவை டிரம்மை அளந்தப்ப அவ கேட்டா, "மேல காலின்னு தலைப்பு போடவா?" நான் சொன்னேன், "எதுக்கு? பார்க்கறவனுக்குத் தெரியும்." பாதி டேங்க்ல அவ ஆரம்பிச்சிருக்கா, உள்ளதும் 18, காலியும் 18. அதனால உங்க 19-க்குக் கீழ அவ 18 பொருத்தமா உக்காந்துடுச்சு. அவளுக்கும் சந்தேகம் வந்திருக்காது.

அவ தப்பு பண்ணலை. குச்சியைச் சரியாத்தான் விட்டிருக்கா.

முப்பதாம் தேதி விசாரணைக்கு நான் வர்றேன். புகார் பொய், அளவு முறையைச் சொல்லிக் கொடுத்தது நான்னு எழுதிக் கையெழுத்துப் போடறேன். நீங்க முன்னாடி எழுதின கடிதமும் பொய்னு நீங்க சொல்லணும். மறுத்தீங்கன்னா நோட்டை மேஜை மேல வெச்சுடுவேன்.

மூணு கேள்வி இருக்கு.

ஒண்ணு, உங்களுக்கு இது எப்பத் தெரிஞ்சுது?

ரெண்டு, தெரிஞ்சும் ஏன் திருட்டுப் பட்டத்தைத் தலையில தூக்கி வெச்சுக்கிட்டீங்க?

மூணு, வண்டி நின்னு ரெண்டே முக்கால் மணி நேரம் ரோட்டுல இருந்தீங்க. அவளுக்குத் தெரிஞ்சுதா?

மாப்பிள்ளை


அக்டோபர் 3

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நாங்க சுகம். ஊருக்குப் பத்திரமாப் போய்ச் சேர்ந்தீங்களா? அலுவலகத்துல வெச்சுப் பேச முடியலை. நீங்க கையெழுத்துப் போடும்போது உங்க கையையே பார்த்துட்டு இருந்தேன். நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமா இருந்துச்சு.

வண்டியைத் திருப்பிக் கொடுத்துட்டாங்க. அபராதம் எதுவும் இல்லை. அந்த அதிகாரி உங்க வாக்குமூலத்தை ரெண்டு தடவை படிச்சுட்டு, "இதுக்கு என்ன பிரிவு போடறது"ன்னு கிளார்க்கைக் கேட்டார். அவர், "பிரிவு இல்லை சார், மூடிடலாம்"னார்.

நீங்க கேட்டதுக்கு. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்த மறுநாள் நோட்டைத் திரும்பப் பார்த்தேன். எண்ணிக்கை ஏறிட்டுப் போறதைப் பார்த்ததும் டிரைவருக்குத் தெரியாதா? அன்னைக்கே ஒளிச்சுட்டேன். எரிக்கணும்னுதான் நினைச்சேன். அவ எழுத்து, எரிக்க மனசு வரலை.

ரெண்டாவது கேட்டீங்க. நீங்க என்னைச் சந்தேகப்பட்டுக் கணக்குப் போட்டுட்டு இருந்தீங்க. சந்தேகம் இருக்கற வரைக்கும் காலைல எழுந்து ஒரு வேலை இருக்கு உங்களுக்கு. அது தீர்ந்தா நீங்க யார் மேல திரும்புவீங்கன்னு எனக்குத் தெரியும். என் மேலயே இருக்கட்டும்னு விட்டேன். எனக்கு என்ன, வீட்டுல அக்கா தினம் திட்டறா, இன்னொருத்தர் திட்டினா உடம்புல ஒட்டாது.

பேட்டரி வண்டிக்காரன் இன்னும் வர்றான். சின்னவ நம்ம வாசல்ல கடைசியா ஏறி உக்காந்த வண்டி இந்தக் குடிகாரன்னு நினைச்சா விக்கவும் முடியலை, ஓட்டவும் முடியலை. நீங்க சொல்றபடி செய்யறேன்.

அக்கா உங்களுக்குப் போர்வை ஒண்ணு எடுத்து வெச்சிருக்கா. வரும்போது வாங்கிக்கங்க.

இப்படிக்கு,
மச்சான்


அக்டோபர் 10

அன்புள்ள மச்சானுக்கு,

உங்க கடிதம் கிடைச்சுது. ரெண்டு கேள்விக்குப் பதில் இருந்துச்சு. மூணாவதுக்கு இல்லை.

ஜூன்ல இருந்து உங்க கடிதங்களைப் படிக்கறேன். நீங்க எதைத் தாண்டிப் போறீங்களோ அங்கதான் விஷயம் இருக்கும். இப்பவாவது அதைச் சரியாப் படிக்கத் தெரிஞ்சுக்கிட்டேன்.

வண்டி நின்னதும் அவ கேட்டிருப்பா, "என்ன அளவு பார்த்தீங்கண்ணே?" நீங்க 27-ன்னு சொல்லியிருப்பீங்க. அதுக்கு மேல அவளுக்கு விளக்கம் வேண்டியிருக்காது. என்கிட்டச் சொல்ல வேணாம்னு உங்ககிட்டக் கேட்டிருப்பா. அவ கேட்டதை ஆறு மாசம் காப்பாத்தினீங்க. பர்மிட்டைக் கூடக் கொடுக்கத் துணிஞ்சு காப்பாத்தினீங்க. பதில் எழுத வேணாம். நீங்க சொல்லலை. நானே தெரிஞ்சுக்கிட்டேன். உங்க வாக்கு அப்படியே இருக்கு.

நோட்டை நேர்ல கொண்டு வர்றேன். அவ எழுதின வரிசைக்கு மேல "காலி"ன்னு தலைப்பு போட்டிருக்கேன். பென்சில்ல. உங்களுக்குப் பிடிக்கலைன்னா அழிச்சுடுங்க.

வேனை இப்ப விக்காதீங்க. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டருக்குப் பேட்டரி போதும், கணக்குப் பார்த்துட்டேன், அடுத்த வருஷம் மாத்திக்கலாம். அது வரைக்கும் ஓடட்டும். டீசல் முள்ளும் அதோட மிதவையும் வாங்கி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை வந்து நானே மாட்டித் தர்றேன். மதியத்துக்குள்ள முடிஞ்சுடும். அக்காகிட்ட எனக்கும் சேர்த்துச் சமைக்கச் சொல்லுங்க.

ஒவ்வொரு கடிதத்துலயும் எப்படி இருக்கீங்கன்னு கேட்டீங்க. இருக்கேன், இருக்கேன்னே எழுதினேன். நான் நல்லா இல்லை மச்சான். நீங்க எப்படி இருக்கீங்க?

உங்க,
மாப்பிள்ளை